விருந்தாளி எத்தனை மணிக்கு எழுந்தார்?

என்னோடு வேளாண் கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி மூன்றாம் ஆண்டில் ஜப்பானுக்குப் பத்து நாள் பண்பாட்டுப் பரிமாற்றப் பயணம் போய்வந்தாள். ஆய்வகம், பல்கலைக்கழகம், கோயில், புல்லட் ரயில் எல்லாம் முடிந்து கடைசி இரண்டு இரவு ஒரு விவசாயி வீட்டில் தங்கல். அங்கே எடுத்த படத்தைத்தான் அவள் முதலில் போட்டாள். முதுகு வளைந்த பாட்டி ஒருவர், கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளை முள்ளங்கி, பக்கத்தில் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு இவள். 'என் ஜப்பான் பாட்டி' என்று எழுதியிருந்தாள். எங்கள் வகுப்பு மொத்தமும் இதயம் போட்டது. நானும் போட்டேன்.

பல மாதம் கழித்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது சும்மா கேட்டேன், "அந்தப் பாட்டி பேரு என்னடி?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒபாசான்னுதான் கூப்பிட்டோம்." ஒபாசான் என்றால் பாட்டி. அவ்வளவுதான். பிறகு அவளாகவே சொன்னாள்: "நாங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள அவங்க தோட்டத்துல பாதி வேலைய முடிச்சிட்டு வந்து எங்களுக்குச் சோறு வெச்சிருப்பாங்க. ரெண்டு நாளும் அப்படித்தான். பஸ் கிளம்புறப்போ வளைவு திரும்புற வரைக்கும் கைய ஆட்டிக்கிட்டே நின்னாங்க."

அந்தப் பேச்சுக்குப் பிறகு, ஜப்பானியக் கிராமத்துக்கு வெளியாள் ஒருவர் போகும் கதைகளை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. ஜிப்லி படமாக இருந்தாலும் மாங்காவாக இருந்தாலும், நம் இயற்கை விவசாய நண்பர்கள் பைபிள் மாதிரி வைத்திருக்கும் புத்தகமாக இருந்தாலும் ஒரு கேள்வி குறுக்கே வந்துவிடுகிறது. விருந்தாளி எத்தனை மணிக்கு எழுந்தார்? அவருக்கு முன்னால் எழுந்தது யார்?

இந்தக் கட்டுரையில் மூன்று படைப்புகளை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கிறேன். ஒன்று விருந்தாளியின் கண்ணால் சொல்லப்பட்டது, ஒன்று மாணவனின் கண்ணால். மூன்றாவது, வீட்டுக்காரரே எழுதியது.

*

1991-இல் இசாவோ தகாஹாதா இயக்கிய 'ஒன்லி யெஸ்டர்டே' படத்தை நம்மில் பலர் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறோம். அன்னாசிப்பழம் வெட்டும் காட்சியும் ஒரு சிறுமி காற்றில் நீந்தி மேலே போகும் காட்சியும் ரீல்ஸில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. முழுப் படம் வேறு ஒன்று. கதை நடப்பது 1982-இல். தயேகோவுக்கு வயது 27. தோக்கியோவில் ஓர் அலுவலகத்தில் வேலை. அக்கா கணவரின் உறவினர்கள் யமகதா மாகாணத்தில் குசும்பா பயிரிடுகிறார்கள். பத்து நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு அங்கே பூப்பறிக்கப் போகிறாள். கூடவே 1966-இல் ஐந்தாம் வகுப்புப் படித்த தன்னையும் நினைவில் கூட்டிக்கொண்டு போகிறாள்.

குசும்பாவை நாம் எண்ணெய் வித்துப் பட்டியலில் மனப்பாடம் செய்திருப்போம். யமகதாவில் அது சாயத்துக்கும் உதட்டுச் சிவப்புக்குமான பூ. செடி முழுக்க முள். பனியில் முள் கொஞ்சம் இளகியிருக்கும் விடிகாலையில்தான் பறிக்க முடியும். வெயில் ஏறினால் விரல் கிழியும். தயேகோ இரவு ரயிலில் வந்து இறங்கி, தூங்காமல் நேராக வயலுக்குப் போகிறாள். ஆக என் கேள்விக்கு அவள் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிடுகிறாள். அவள் தூங்கவே இல்லை.

படம் அங்கேயே நின்றிருந்தால் அது அழகான சுற்றுலா விளம்பரம். தகாஹாதா அதற்குள் ஒரு முள்ளை வைக்கிறார். அந்தக் காலத்தில் பூப்பறித்துக் கை கிழிந்த பெண்கள், அதிலிருந்து எடுத்த சிவப்பைத் தங்கள் உதட்டில் ஒருநாளும் பூசிப் பார்த்ததில்லை என்று தயேகோ நினைத்துக்கொள்கிறாள். அந்தச் சிவப்பு போய்ச் சேர்ந்தது நகரத்துப் பணக்காரப் பெண்களிடம். இப்போது அதே நகரத்திலிருந்து ஒருத்தி, ஆசைக்காக, கை கிழிய வந்திருக்கிறாள். இந்த முரணைப் படம் அடிக்கோடு போட்டுக் காட்டுவதில்லை. பூ மிதிபட்டு, புளித்து, பிழியப்பட்டு அடையாகும் வேலையை ஆவணப்படம் மாதிரி பொறுமையாகக் காட்டிக்கொண்டே போகிறது.

அடுத்த முள்ளைத் தோஷியோ வைக்கிறான். அலுவலக வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்த இளைஞன். சின்னக் காரில் ஹங்கேரிய நாட்டுப்புற இசையைப் போட்டுக்கொண்டு, இது விவசாயிகளின் இசை என்று பெருமையாகச் சொல்பவன். நமக்கும் இப்படி ஒரு நண்பன் இருப்பான். மலை, காடு, ஓடை எல்லாவற்றையும் பார்த்து 'ஆஹா, இயற்கை' என்று தயேகோ உருகும்போது, நீ பார்க்கும் இந்தக் காட்சி முழுவதையும் விவசாயிகளும் இயற்கையும் சேர்ந்து பாடுபட்டு உண்டாக்கினார்கள் என்று தோஷியோ விளக்குகிறான். காட்டிலிருந்து எடுத்தார்கள், காட்டுக்குக் கொடுத்தார்கள், அப்படி உருவானதுதான் இது. வேளாண் கல்லூரியில் நான்கு வருடம் படித்தும் எனக்கு யாரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஒரு நிலக்காட்சியை அழகு என்று சொல்லும்போது நாம் யாரோ ஒருவரின் கூலியைக் கணக்கில் விட்டுவிடுகிறோம்.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம் கடைசி இரவில் வருகிறது. அந்த வீட்டுப் பாட்டி தயேகோவிடம் நேரடியாகக் கேட்டுவிடுகிறாள்: தோஷியோவைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடேன். அறை அப்படியே உறைந்துபோகிறது. தயேகோ மழையில் வெளியே ஓடுகிறாள். பத்து நாளாகக் கிராமத்தைக் கொஞ்சிய பெண்ணுக்கு, கிராமம் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டதும் உள்ளே இருந்தது எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துபோகிறது. அப்போதுதான் அவளுக்கு அபே என்ற ஏழைப் பையன் ஞாபகம் வருகிறான். வகுப்பில் எல்லாரும் அவனை ஒதுக்கினார்கள், அவள் மட்டும் ஒதுக்கவில்லை. ஆனால் மனதுக்குள் யாரையும்விட அதிகமாக அவனை அருவருத்தது தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போகும் நாளில் அவன் எல்லாரிடமும் கைகுலுக்கி, இவளிடம் மட்டும் குலுக்க மறுத்தான்.

பரிமாற்றம் என்ற சொல்லுக்கு நேர் எதிரே நிற்கும் காட்சி இது. நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதும் ஒருவரை மதிப்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை அந்தப் பையன் கண்டுபிடித்துவிட்டான். பாட்டியும் ஒருவேளை கண்டுபிடித்திருப்பாள், அதனால்தான் கேட்டாள் என்று எனக்குத் தோன்றும்.

பாட்டியின் கேள்வியை வெறும் கல்யாணப் பேச்சாக எடுத்துக்கொண்டால் படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறோம் என்று அர்த்தம். எண்பதுகளில் வடகிழக்கு ஜப்பானின் கிராமங்களில் விவசாயிகளுக்குப் பெண் கிடைக்கவில்லை. படித்த பெண்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். படம் நடக்கும் அதே யமகதாவில், அசாஹி என்ற சிற்றூரின் நிர்வாகமே முன்னின்று 1985-இல் பிலிப்பைன்ஸிலிருந்து மணப்பெண்களை வரவழைத்தது. கதையில் பாட்டி கேட்ட கேள்விக்கும் இதற்கும் நடுவே மூன்றே வருடம். தயேகோ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்துக்கு வந்திருக்கக்கூடியவள் மணிலாவிலிருந்து விமானம் ஏறிய ஒருத்தி. மொழி தெரியாமல், திரும்பிப் போகும் பயணச்சீட்டு இல்லாமல். அவளுக்கு யாரும் அனிமேஷன் படம் எடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் படத்தோடு சண்டை. இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்ள, தயேகோ ரயிலிலிருந்து இறங்கித் திரும்பி வருகிறாள். கண்கலங்க வைக்கும் காட்சி. ஆனால் அவள் திரும்பியது எதற்கு? தோஷியோவுக்காகவா, மண்ணுக்காகவா, தன் பால்யத்துக்கு ஒரு முடிவு கட்டவா? மருமகளாக அவள் எழவேண்டிய முதல் விடியற்காலைக்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. விருந்தாளியாகத் தூங்காமல் பூப்பறிப்பது சுகம். நாற்பது வருடம் அதே நேரத்துக்கு எழுவது வாழ்க்கை. தகாஹாதாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே கதவைச் சாத்திவிட்டார்.

*

அந்தக் கதவைத் திறந்து உள்ளே போவது ஹிரோமு அரகவாவின் 'சில்வர் ஸ்பூன்'. 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' வரைந்தவர் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். வேளாண் பள்ளியில் படித்து, அதன்பின் ஏழு வருடம் வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டுத்தான் தோக்கியோவுக்குப் போனார். தன்னைக் கண்ணாடி போட்ட மாடாக வரைந்துகொள்பவர். 2011-இலிருந்து 2019 வரை தொடராக வந்த இந்த மாங்கா 15 தொகுதிகள். 2012-இல் மாங்கா தைஷோ விருது வாங்கியது.

ஹச்சிகென் சப்போரோ நகரத்துப் பையன். படிப்பு அழுத்தத்தில் நொறுங்கி, வீட்டைவிட்டுத் தூரமாகப் போனால் போதும் என்று விடுதி வசதியுள்ள ஒரு வேளாண் மேல்நிலைப்பள்ளியில் சேர்கிறான். மற்ற எல்லாரும் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். இவன் ஒருவன்தான் அந்நியன். சொந்த நாட்டுக்குள்ளேயே பரிமாற்ற மாணவன் மாதிரி. முட்டை கோழியின் எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்ததும் முட்டை சாப்பிட மறுப்பதிலிருந்து அவன் கல்வி தொடங்குகிறது. சிரித்துக்கொண்டே படிப்போம். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

அந்த மாங்காவில் நான் திரும்பத் திரும்பப் போகும் பகுதி கோடை விடுமுறை. தோழி மிகாகேவின் வீட்டுப் பண்ணையில் கூலிக்கு வேலை செய்யப் போகிறான் ஹச்சிகென். ஒருநாள் பால் குளிரூட்டும் தொட்டிக்குப் போகும் குழாயைச் சரியாக மாட்டாமல் விட்டுவிடுகிறான். கறந்த பால் தரையில் ஓடிப்போகிறது. யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டித் தீர்க்கவும் இல்லை. கடைசி நாளில் சம்பள உறையைக் கொடுக்கும்போது அவனால் கைநீட்டி வாங்க முடியவில்லை. இத்தனை பாலைக் கொட்டிவிட்டு எப்படி வாங்குவது? அவர்கள் வாங்க வைக்கிறார்கள். உழைப்புக்கான பணம் உழைப்புக்கானதுதான்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. விருந்தாளிக்குத் தவறு செய்யும் உரிமை கிடையாது. ஏனென்றால் விருந்தாளியிடம் யாரும் உண்மையான வேலையைக் கொடுப்பதில்லை. என் தோழியிடம் அந்தப் பாட்டி ஒரே ஒரு முள்ளங்கியைப் பிடுங்கச் சொன்னாராம். பிடுங்கியதும் எல்லாரும் கைதட்டினார்களாம். தவறு செய்தால் நஷ்டம் வரும் ஒரு வேலையை ஒருவர் கையில் கொடுப்பதுதான் அவரை உள்ளே விடுவது. ஹச்சிகென் உள்ளே வந்தது அந்தப் பாலின் வழியாக.

அந்தச் சம்பளத்தை அவன் என்ன செய்தான் என்பது இன்னும் கனமானது. பள்ளிப் பன்றித்தொழுவத்தில் ஈற்றிலேயே சிறியதாகப் பிறந்த குட்டி ஒன்றின் மேல் அவனுக்குப் பாசம். பெயர் வைக்காதே, வெட்டப் போகும்போது கஷ்டப்படுவாய் என்கிறார்கள். அவன் 'பூத்தாதோன்' என்று பெயர் வைக்கிறான். பன்றிக்கறி போட்ட சோற்றுக் கிண்ணத்தின் பெயர் அது. மறக்காமல் இருக்க வைத்த பெயர். கடைசியில் அதன் கறி முழுவதையும் கோடைக் கூலியில் வாங்கி, புகையிட்டு, நண்பர்களோடு சாப்பிடுகிறான். கொட்டிப்போன பாலுக்கும் மன்னித்துக் கொடுத்த பணத்துக்கும் இந்தக் கறிக்கும் நடுவே அரகவா ஒரு கோடு இழுக்கிறார். எந்த வசனமும் இல்லாமல்.

பண்ணைக் கதை என்றாலே எல்லாம் சுகமாக முடியும் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது கொமாபா வருகிறான். அப்பா இல்லாத வீடு. பேஸ்பால் ஆடித் தொழில்முறை வீரனாகிக் கடனை அடைக்கலாம் என்று கனவு. அவன் வீட்டுப் பண்ணை திவாலாகிறது. மாடுகள் விற்கப்படுகின்றன. அவன் பள்ளியை விட்டு நிற்கிறான். அந்தக் கடனுக்குப் பிணை நின்ற மிகாகே குடும்பமும் சேர்ந்து ஆட்டம் காண்கிறது. உதவி செய்யத் துடிக்கும் ஹச்சிகெனுக்கு ஒரு சுவர் தென்படுகிறது: அவன் வெளியாள். அவனால் கிளம்பிப் போக முடியும். அவர்களால் முடியாது. அதை அரகவா அவனுக்குச் சலுகை காட்டாமல் சொல்கிறார்.

குறை ஒன்று உண்டு. ஷோனென் இதழுக்கே உரிய நம்பிக்கை கதையின் பின்பாதியை மென்மையாக்கிவிடுகிறது. முயற்சி எடுத்தால் வழி பிறக்கும் என்ற தொனி. 2020 வேளாண் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் விவசாயத்தை முதன்மைத் தொழிலாகச் செய்பவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். அவர்களின் சராசரி வயது 67.8. இந்த எண்ணை மேசையில் வைத்துக்கொண்டு கடைசித் தொகுதிகளைப் படித்தால், துடிப்பான பதினாறு வயதுப் பிள்ளைகள் நிரம்பிய அந்தப் பள்ளி ஒரு ஆசைக்கனவு போலத்தான் தெரிகிறது. இருந்தாலும் ஏழு வருடம் மாட்டுக்கு முன்னால் எழுந்த ஒருவரின் கனவு என்பதால் அதை நான் நம்ப விரும்புகிறேன்.

*

மூன்றாவது புத்தகம் நம் வீட்டிலேயே இருக்கிறது. மசானபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. ஜப்பானிய மொழியில் 1975-இல் வந்தது, ஆங்கிலத்தில் 1978-இல். தமிழில் வந்தபிறகு இங்கே இயற்கை விவசாயம் பேசிய ஒரு தலைமுறையின் கைப்புத்தகம் ஆனது. வேளாண் பட்டதாரியாகி, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிய நம்மாழ்வாரின் பேச்சுகள் வழியாக ஃபுகோகாவின் பெயர் கிராமங்கள் வரை போனது. ஃபுகோகாவும் படித்த விஞ்ஞானிதான். யோகோஹாமா சுங்கத்துறையில் தாவர நோய்ப் பரிசோதகராக இருந்தவர். 25 வயதில் எல்லாவற்றையும் விட்டு ஷிகோகு தீவில் அப்பாவின் நிலத்துக்குத் திரும்பினார். இரண்டு பேருக்கும் உள்ள ஒற்றுமை நம்மை எளிதில் உணர்ச்சிவசப்பட வைக்கும்.

நான் இந்த முறை படித்தது அவர் தத்துவத்துக்காக அல்ல. அவர் குன்றின் குடிசைகளில் தங்கியிருந்த மாணவர்களுக்காக. எழுபதுகளில் ஜப்பானின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் அவர் பழத்தோட்டத்துக்கு வந்து தங்கினார்கள். அப்படி வந்த அமெரிக்கர் லாரி கார்ன்தான் பின்னால் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்நின்றவர். அவர் முன்னுரையில் அந்த வாழ்க்கை தெரியும். மின்சாரம் இல்லை. ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கவேண்டும். விறகடுப்பு. மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு. பத்து நாள் பயணம் இல்லை இது. சிலர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் இருந்தார்கள்.

இங்கே வீட்டுக்காரரே கதை சொல்பவர் என்பதால் பார்வை தலைகீழாகிறது. விருந்தாளிகள் மேல் அவருக்கு அன்பும் உண்டு, சலிப்பும் உண்டு. 'எதுவும் செய்யாத விவசாயம்' என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு எதுவுமே செய்யாமல் இருக்க வந்தவர்கள் ஏமாந்தார்கள். அவரே முதலில் ஏமாந்தவர். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, பூச்சி விழுந்து, மரங்கள் காய்ந்துபோயின. கைவிடுவது வேறு, இயற்கையாக விடுவது வேறு என்பதை அந்த மரங்களின் விலையில் கற்றேன் என்கிற தொனி புத்தகம் முழுக்க உண்டு. அவருடைய குழாயிலிருந்து கொட்டிய பால் அது.

வைக்கோல் பற்றிய பகுதியை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நெல் அறுத்த வயலில் வைக்கோலை முழுசாக, தாறுமாறாகத் தூவ வேண்டும். அழகாக வரிசை பிடித்து அடுக்கினால் அடியில் உள்ள முளை வெளியே வராது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களைப் போன்ற படித்த பிள்ளைகள் கையில் வைக்கோலைக் கொடுத்தால் நிச்சயம் அடுக்கித்தான் வைப்போம். படம் எடுக்க வேண்டுமல்லவா?

ஃபுகோகாவிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் குன்றில் நடந்த வேலையில் மாணவர்களின் கூலியில்லா உழைப்பு எவ்வளவு? களிமண் உருண்டைக்குள் விதை வைப்பதும், தண்ணீர் சுமப்பதும், விறகு வெட்டுவதும் ஞானத்தேடலாக வந்தவர்களின் கைகளால் நடந்தன. அவர்களுக்கு அது கல்வி. ஆனால் நம் ஊரில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் அந்த முறையை எடுத்துச் செய்யும்போது அவர் வீட்டுக்கு எந்த நாட்டு மாணவரும் வந்து குடிசை போட்டுத் தங்கப் போவதில்லை. அவர் ஆள் தேட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் அந்தப் புத்தகத்தை மேடையில் மேற்கோள் காட்டுகிறோம்.

*

மூன்று படைப்புகளிலும் இல்லாத ஓர் ஆள் இருக்கிறார். இன்றைக்கு ஜப்பானிய வயலில் விடியலுக்கு முன் எழும் இளைஞர் பல இடங்களில் அவர்தான். இபராகியின் காய்கறிப் பண்ணைகளிலோ நாகானோ மலையின் லெட்டூஸ் வயல்களிலோ குனிந்திருக்கும் வியட்நாம், இந்தோனேசிய இளைஞர். அவரையும் ஜப்பான் 'கற்க வந்தவர்' என்றுதான் அழைத்தது. 1993-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தின் காகித நோக்கம், வளரும் நாடுகளுக்குத் திறனைக் கொண்டுசேர்ப்பது. நடைமுறையில் ஆள் பற்றாக்குறையை அடைக்கும் வழி. வேலை பிடிக்கவில்லை என்றால் முதலாளியை மாற்றக்கூட எளிதில் முடியாது. முப்பது வருட விமர்சனத்துக்குப் பிறகு, 2024-இல் அதைக் கலைத்து வேறு திட்டம் கொண்டுவரச் சட்டம் நிறைவேறியது.

ஒரே வயல், ஒரே வயது, 'கற்றல்' என்ற ஒரே சொல். ஒருவருக்கு முள்ளங்கியும் கைதட்டலும். இன்னொருவருக்கு மூன்று வருட ஒப்பந்தமும் ஊரில் வாங்கிய கடனும். நல்ல நாவல் ஒன்று இந்த இருவரையும் ஒரே பாட்டியின் வீட்டில் சந்திக்க வைக்கும் என்று நான் காத்திருக்கிறேன்.

இதனால் பயணங்களே வீண் என்று சொல்ல வரவில்லை. தொச்சிகி மாகாணத்தில் 1973-லிருந்து நடக்கும் ஆசியக் கிராமப்புறக் கல்வியகத்தில் இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருபவர்கள் சுமார் ஒன்பது மாதம் தங்குகிறார்கள். ஆசிரியர், மாணவர், அலுவலர் எல்லாரும் காலையிலும் மாலையிலும் சேர்ந்து வயலில் இறங்கி, தாங்கள் விளைவித்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே விருந்தாளி என்று யாரும் இல்லை. ஒய்தா மாகாணத்தின் அஜிமு என்ற ஊர் தொண்ணூறுகளில் பண்ணைவீட்டுத் தங்கலைத் தொடங்கியபோது அவர்களிடம் ஒரு வழக்கு இருந்தது: ஒருமுறை தங்கினால் தூரத்துச் சொந்தம், பத்துமுறை தங்கினால் நெருங்கிய சொந்தம். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. சொந்தம் என்று முதலிலேயே பொய் சொல்லவில்லை. பத்துமுறை வா என்கிறது. என் தோழி முதல் நாளே 'என் பாட்டி' என்று எழுதிவிட்டாள்.

அவளைச் சொல்லி என்ன? கடைசி வருடம் ராவே என்று எங்களையும் கிராமத்துக்கு அனுப்பினார்கள். வேளாண் படித்த எல்லாருக்கும் தெரியும்: கோலப்பொடியில் ஊர் வரைபடம், விதை நேர்த்தி செயல்விளக்கம், தினமும் போட்டோவோடு அறிக்கை. எனக்கு ஒதுக்கிய விவசாயி ஓர் அக்கா. நான் அவருக்கு விதை நேர்த்தி கற்றுக்கொடுத்தேன். அவர் பத்து வருடமாகச் செய்துகொண்டிருந்தது அது. போட்டோவுக்காகப் புதிதாகக் கேட்பதுபோல் நின்றார். நான் போகும்போதெல்லாம் மாடு கறந்து, வாசல் தெளித்து, டீ போட்டு வைத்திருப்பார். ஒருநாள்கூட அவர் எழுந்த நேரத்துக்கு நான் அங்கே போனதில்லை. அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

அடுத்த வருடம் அவர் போன் செய்தார். "சிவப்பி கன்னு போட்டிருக்கு. பாக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தியே, வா." பரீட்சை இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் அக்கா என்றேன். போகவில்லை. இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபோது அந்த எண் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. 'ஹோஸ்ட் ஃபார்மர் அக்கா' என்று சேமித்து வைத்திருக்கிறேன்.

அவர் பெயர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருக்க வேண்டும். எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். அந்தக் கன்று இந்நேரம் வளர்ந்து பால் கறக்க ஆரம்பித்திருக்கும்.